ஐந்து முறை தோற்ற பெருந்தகை: சர் தாமஸ் லிப்டன்



தேநீர் அருந்தாத இல்லம் நம் தோட்டப்புறத்தில் ஒன்றும் இல்லை. விடியுமுன் வேலைக்குச் செல்லும் தந்தையும், பள்ளிக்குப் புறப்படும் பிள்ளையும் தேநீரைக் கொண்டே நாளைத் தொடங்குகின்றனர். கடையில் தேயிலைப் பொட்டலங்களின் மேல் லிப்டன் என்னும் பெயரைப் பலமுறை கண்டிருப்பீர்கள். அஃது ஒரு மனிதரின் பெயர் என்பதையும், அம்மனிதர் வறிய குடும்பத்தில் பிறந்தவர் என்பதையும் அறிந்தோர் சிலரே. அவர் முப்பத்தோர் ஆண்டுக் காலம் ஒரே பாய்மரப் படகுப் போட்டியில் வெற்றி பெற முயன்று, ஐந்து முறையும் தோல்வியுற்றார் என்பதை அறிந்தோர் மிகச் சிலரே.

தோற்றவரின் வரலாற்றை எழுதுவானேன் என்று நீங்கள் வினவலாம். பரிசளிப்பு விழாவில் மேடையேறிப் பரிசு பெறுவோர் சிலர். கீழே அமர்ந்து கைதட்டுவோர் பலர். மேடையேறியோரைப் பாராட்டும் கட்டுரைகள் நம் ஆண்டு மலர்களில் நிறையவே உண்டு. கீழே அமர்ந்திருக்கும் மாணவர்களையும், அவர்களை வீட்டிற்கு அழைத்துச் செல்லும் பெற்றோர்களையும் எண்ணி இவ்வரலாறு எழுதப்படுகிறது.

இளமையும் வறுமையும்

தாமஸ் லிப்டன் 1848ஆம் ஆண்டு ஸ்காத்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். அவருடைய பெற்றோர் அயர்லாந்து நாட்டினர். அங்கு உருளைக்கிழங்குப் பயிர் நோயுற்று அழிந்து பெரும்பஞ்சம் ஏற்பட்ட காலத்தில், பிழைப்பைத் தேடிக் கடல் கடந்து கிளாஸ்கோவிற்கு வந்தவர்கள். ஏழைகள் நெருங்கி வாழ்ந்த கோர்பல்ஸ் என்னும் பகுதியில் வெண்ணெய், முட்டை, உப்பிட்ட இறைச்சி முதலியவற்றை விற்கும் சிறு கடை ஒன்றை நடத்தி வந்தனர். பஞ்சத்திற்கு அஞ்சித் தாயகம் விட்டுப் பெயர்ந்த குடும்பத்தின் நிலையை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. நம் முன்னோரும் அவ்வாறு வந்தவர்களே.

சிறுவன் தாமஸ் பதின்மூன்றாம் வயதளவில் பள்ளியை விட்டு வேலைக்குச் சென்றான். அச்சகம் ஒன்றில் ஏவல் பையனாகவும், பின்னர்ச் சட்டைத் துணி வெட்டும் இடத்திலும் பணி செய்தான். பகலில் உழைத்து இரவுப் பள்ளியில் பயின்றான். கிளாஸ்கோவில் பாயும் கிளைடு ஆற்றில் உலகின் பல திசைகளுக்கும் செல்லும் கப்பல்கள் வந்து நின்றன. அவற்றைக் கண்டு மகிழ்ந்த அச்சிறுவன், மரப்பலகையைச் செதுக்கி விளையாட்டுப் படகுகள் செய்து நீரில் ஓடவிட்டான். கடல்மேல் கொண்ட காதல் அவனுடைய நெஞ்சில் அன்றே வேரூன்றியது. பின்னர்க் கிளாஸ்கோவிற்கும் பெல்பாஸ்ட் நகருக்கும் இடையே ஓடிய நீராவிக் கப்பலில் பணியாளனாகச் சேர்ந்தான்.

அங்குச் சேர்த்த சிறு பொருளைக் கொண்டு, பதினாறு வயதை ஒட்டி அமெரிக்கா சென்றான். விர்ஜினியாவில் புகையிலைத் தோட்டத்திலும், தென் கரோலினாவில் நெல் விளையும் தோட்டத்திலும் வேலை செய்தான். இறுதியில் நியூயார்க் நகரின் பெரிய அங்காடி ஒன்றில் மளிகைப் பிரிவில் பணியாற்றினான். பொருள்களை அழகாக அடுக்கி வைத்து, வருவோரை இன்முகத்துடன் வரவேற்று விற்கும் கலையை அங்கே கற்றான். ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளுக்குப் பின் ஊர் திரும்பியபோது, 500 டாலர் சேமிப்புடன் தன் தாய்க்கு ஒரு பீப்பாய் மாவும் ஓர் ஆடுநாற்காலியும் கொண்டு வந்தான் என்பர்.

வணிகத்தில் உயர்வு

1871ஆம் ஆண்டு கிளாஸ்கோவில் லிப்டன் தம் முதற்கடையைத் திறந்தார். இடைத்தரகரை விடுத்து, விளைவிப்போரிடமிருந்தே பொருளை வாங்கிக் குறைந்த விலைக்கு விற்றார். கடை பளிச்சென்று தூய்மையாக இருந்தது. மக்களின் கண்ணையும் கருத்தையும் கவர அவர் கையாண்ட வழிகள் வேடிக்கையானவை. கொழுத்த பன்றிகளை அலங்கரித்து வீதியில் ஊர்வலமாக ஓட்டிச் செல்வார். 1881ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் நாளையொட்டி, அமெரிக்காவிலிருந்து மாபெரும் பாலாடைக் கட்டி ஒன்றை வரவழைத்து, அதனுள் தங்க நாணயங்களைப் புதைத்து வைத்து, துண்டு துண்டாக விற்றார். மக்கள் திரண்டு வந்து வாங்கினர். ஒரு கடை பல கடைகளாகி, 1880களின் இறுதியில் ஏறத்தாழ 300 கடைகளாகப் பெருகியது.

இலங்கை மலையகமும் நம் முன்னோரும்

அக்காலத்தில் இலங்கையின் மலைநாட்டில் காப்பித் தோட்டங்கள் இலை நோயினால் அழிந்துகொண்டிருந்தன. ஜேம்ஸ் டெய்லர் என்பவர் 1867ஆம் ஆண்டிலேயே அங்குத் தேயிலை பயிரிட்டு வழிகாட்டியிருந்தார். 1890ஆம் ஆண்டு இலங்கைக்குச் சென்ற லிப்டன், ஊவா மாகாணத்தில் அப்புத்தளைக்கு அருகிலுள்ள தம்பேதன்னை முதலிய தோட்டங்களை விலைக்கு வாங்கினார். தேயிலையைக் கால், அரை, ஒரு இராத்தல் பொட்டலங்களாகக் கட்டி விற்றார். மற்றவர்கள் ஓர் இராத்தல் தேயிலைக்கு மூன்று ஷில்லிங் அளவில் விலை கூறியபோது, அவர் ஒரு ஷில்லிங் ஏழு பென்சுக்கு விற்றார். செல்வர் மாளிகையில் மட்டும் மணத்த தேநீர், பிரித்தானிய ஏழைத் தொழிலாளியின் குடிசையிலும் மணக்கத் தொடங்கியது.

அத்தேயிலையைக் கிள்ளிய விரல்கள் தமிழர் விரல்கள். தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து கங்காணிகள் அழைத்துச் சென்ற மக்கள், கடல் கடந்து மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே கால்நடையாக மலையேறினர். வழியில் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பலியானோர் பலர். அட்டைக் கடியிலும் பனிக் குளிரிலும் கூடை சுமந்து கொழுந்து பறித்த பெண்களின் உழைப்பே லிப்டனின் செல்வத்திற்கு அடித்தளம். அவர்தம் வழித்தோன்றல்கள் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தினால் குடியுரிமையை இழந்து, 2003ஆம் ஆண்டுச் சட்டத்தினால்தான் அவ்வுரிமையை முழுமையாகப் பெற்றனர்.

தம்பேதன்னை மலையுச்சியில் லிப்டன் அமர்ந்து தோட்டங்களைப் பார்வையிட்ட இடம் இன்றும் அவர் பெயரால் வழங்கப்படுகிறது. நம் தீவும் எட்வர்ட் வேலன்டைன் கேரி என்னும் ஆங்கிலேயத் தோட்டத்துரையின் பெயரையே தாங்கி நிற்கிறது. காட்டை அழித்து, வரப்புக் கட்டி, ரப்பரும் பின்னர்ச் செம்பனையும் வளர்த்த கைகளுக்குப் பெயர்ப்பலகை இல்லை. ஒரு பெரியவரின் வரலாற்றைப் படிக்கும்போது, அவருக்குப் பின்னால் நிற்கும் பெயரறியாத மக்களையும் நினைவில் கொள்வது கற்றோர் கடன்.

அமெரிக்கக் கிண்ணம்

செல்வமும் புகழும் பெற்ற பின்னர், இளமையில் முளைத்த கடற்காதல் மீண்டும் தளிர்த்தது. 1851ஆம் ஆண்டு இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள ஒயிட் தீவைச் சுற்றி நடந்த போட்டியில், அமெரிக்கா என்னும் பெயருடைய கலம் பிரித்தானியக் கலங்களை வென்று ஒரு வெள்ளிக் கிண்ணத்தைப் பெற்றது. அது நியூயார்க் படகுக் கழகத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டு, அமெரிக்கக் கிண்ணம் என வழங்கலாயிற்று. எந்நாட்டுக் கழகமும் அறைகூவல் விடுத்துப் போட்டியிடலாம். அதனை மீட்கவே லிப்டன் விழைந்தார்.

இங்கு ஒன்றைக் கூற வேண்டும். இங்கிலாந்தின் முதன்மையான அரச படகுக் கழகம், உயர்குடியினரின் கூடமாக விளங்கியது. மளிகை விற்றவர் என்ற காரணத்தால் லிப்டனுக்கு அதன் கதவு திறக்கவில்லை. அவர் மனம் சோரவில்லை. தம் பெற்றோரின் நாடாகிய அயர்லாந்திலுள்ள அரச அல்ஸ்டர் படகுக் கழகத்தின் வழியாக அறைகூவல் விடுத்தார். தம் கலத்திற்கு ஷாம்ராக் எனப் பெயரிட்டார். அஃது அயர்லாந்தின் அடையாளமாகிய மூவிலைச் செடியின் பெயர். ஐந்து கலங்களுக்கும் அதே பெயர்தான்.

பாய்மரக் கலம் காற்றை நம்பி ஓடுவது. பின்காற்று வீசினால் பாயை அகல விரித்து ஓடலாம். எதிர்க்காற்றில் நேராகச் செல்ல இயலாது. இடப்புறமும் வலப்புறமுமாக மாறி மாறிக் கோணலாகச் சென்றே இலக்கை அடைய வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் சுக்கான் பிடிப்பவரும், பாயின் கயிற்றை இழுப்போரும், தளர்த்துவோரும் ஒரே மனத்தினராய் இயங்க வேண்டும். ஒருவர் கணப்பொழுது தாமதித்தாலும் கலம் வேகத்தை இழக்கும். லிப்டனின் கலங்களில் பணியாற்றியவர்களுள் பெரும்பாலோர் எசெக்ஸ் கரையோர மீனவர்கள். குளிர்காலத்தில் மீன்பிடித்தும் கோடையில் பந்தயக் கலங்களில் உழைத்தும் வாழ்ந்தவர்கள். லிப்டனோ சுக்கான் பிடித்தவர் அல்லர். எரின் என்னும் தம் நீராவிக் கலத்திலிருந்து போட்டியைப் பார்த்தார்.

முதல் மூன்று முயற்சிகள்

1899ஆம் ஆண்டு நியூயார்க்கிற்கு அப்பாற்பட்ட கடலில் முதல் ஷாம்ராக் கொலம்பியா என்னும் கலத்தை எதிர்த்தது. காற்றின்மையாலும் மூடுபனியாலும் பலநாள் போட்டி முடிவுறாமல் போயிற்று. இறுதியில் மூன்று போட்டிகளிலும் கொலம்பியாவே வென்றது. அவற்றுள் ஒன்றில் ஷாம்ராக்கின் மேல்மரம் முறிந்து வீழ்ந்தது.

1901ஆம் ஆண்டு இரண்டாம் ஷாம்ராக் சென்றது. பாய்ப்பரப்பு மிகுந்த கலம் மற்றதற்குச் சில நொடிகளோ நிமிடங்களோ விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது அப்போட்டியின் விதி. மூன்றாம் போட்டியில் ஷாம்ராக் 2 நொடி முன்னதாக எல்லைக் கோட்டைக் கடந்தது. ஆயினும் நேரக் கணக்கைக் கழித்துப் பார்த்தபோது 41 நொடியில் கொலம்பியா வென்றதாயிற்று. முன்னே சென்றும் தோற்றவர் கணக்கை ஏற்றுக்கொண்டார், வழக்காடவில்லை.

1903ஆம் ஆண்டுப் போட்டிக்கு முன்பே துயரம் நேர்ந்தது. இங்கிலாந்தின் வேமத் கரைக்கு அருகில் மூன்றாம் ஷாம்ராக்கைச் சோதித்து ஓட்டியபோது பாய்மரம் சாய்ந்தது. மாலுமி ஒருவர் கடலில் வீழ்ந்து உயிரிழந்தார். கிண்ணங்களின் மேல் பொறிக்கப்படும் பெயர்களுள் இத்தகையோர் பெயர் இடம்பெறுவதில்லை. அவ்வாண்டு எதிர்த்த ரிலையன்ஸ் என்னும் கலம் 16,000 சதுர அடிக்கும் மிகுந்த பாய்ப்பரப்பு உடையது. ஷாம்ராக் மூன்று போட்டிகளிலும் தோற்றது. கடைசிப் போட்டியில் மூடுபனியில் வழிதவறி எல்லைக் கோட்டையே காணாமற் போயிற்று.

தோல்விக்குக் காரணமும் இருந்தது. அறைகூவல் விடுப்பவரின் கலம் அட்லாண்டிக் பெருங்கடலைத் தானே கடந்து வர வேண்டும் என்பது விதி. புயலைத் தாங்கும் வலிமையுடன் கட்டப்பட்ட கலம், கரையருகே ஓடுவதற்கென்றே எடை குறைத்துக் கட்டப்பட்ட கலத்துடன் மோத வேண்டியிருந்தது. லிப்டன் அதனைக் குறையாகக் கூறித் திரியவில்லை. விதி இன்னதென்று அறிந்தே களம் இறங்கினார்.

சுரங்கத் தொழிலாளர் வென்ற கிண்ணம்

இடைப்பட்ட காலத்தில் கால்பந்திற்கும் அவர் கிண்ணம் வழங்கினார். 1909ஆம் ஆண்டு இத்தாலி நாட்டின் தூரின் நகரில் சர் தாமஸ் லிப்டன் கிண்ணப் போட்டி நடைபெற்றது. இங்கிலாந்தின் சார்பில் சென்ற வெஸ்ட் ஆக்லாந்து என்னும் சிற்றூர்க் குழுவில் ஆடியவர்கள் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள். வாரமெல்லாம் நிலத்தின் அடியில் உழைத்து, ஓய்வு நாளில் பந்தாடியவர்கள். அவர்கள் அவ்வாண்டும் கிண்ணத்தை வென்றனர். 1911ஆம் ஆண்டு இறுதியாட்டத்தில் இத்தாலியின் யுவெண்டஸ் குழுவை 6-1 என வீழ்த்தி மீண்டும் வென்றனர். ஊதியத்திற்காக அன்றி, உள்ளத்து விருப்பத்தால் ஆடுவோரின் ஆற்றலை எளிதாக எண்ணலாகாது என்பதற்கு இது சான்று.

நூலிழையில் நழுவிய வெற்றி

1914ஆம் ஆண்டு நான்காம் ஷாம்ராக் அட்லாண்டிக் கடலின் நடுவே வந்துகொண்டிருந்தபோது முதல் உலகப் போர் மூண்டது. போட்டி நின்றது, கலம் அமெரிக்காவில் கரையேற்றப்பட்டது. லிப்டன் தம் எரின் கலத்தில் மருத்துவர்களையும் செவிலியர்களையும் ஏற்றிச் சென்று, கொடிய காய்ச்சலால் மக்கள் மடிந்துகொண்டிருந்த செர்பிய நாட்டிற்கு உதவினார். பின்னர்ப் போர்ப்பணிக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட அக்கலம் 1916ஆம் ஆண்டு மத்தியதரைக் கடலில் மூழ்கியது.

1920ஆம் ஆண்டு போட்டி நடந்தபோது ஒரு புதுமை விளைந்தது. அதுவரை ஊதியம் பெறும் கப்பல் தலைவர்களே சுக்கான் பிடித்து வந்தனர். அவ்வாண்டு இரு கலங்களிலும் ஊதியம் பெறாமல் விருப்பத்தால் கலம் செலுத்துவோர் சுக்கான் பிடித்தனர். ஷாம்ராக்கைச் சர் வில்லியம் பர்ட்டனும், எதிர்த்த ரெசல்யூட் கலத்தைச் சார்லஸ் பிரான்சிஸ் ஆடம்ஸும் செலுத்தினர். ஆடம்ஸ் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பொருளாளராக இருந்தவர்.

முதற்போட்டியில் ரெசல்யூட்டின் பாய்க்கயிறு அறுந்தது, ஷாம்ராக் வென்றது. இரண்டாம் போட்டியிலும் ஷாம்ராக்கே வென்றது. இன்னும் ஒரு வெற்றி போதும். கிண்ணம் கைக்கு வந்துவிடும். மூன்றாம் போட்டியில் இரு கலங்களும் ஒரு நொடியும் வேறுபாடின்றி ஒரே நேர அளவில் ஓடி முடித்தன. ஆனால் விதிப்படி ஷாம்ராக் 7 நிமிடத்திற்குச் சற்று மிகுதியான நேரத்தை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்ததால், வெற்றி ரெசல்யூட்டிற்குச் சென்றது. அடுத்த இரண்டிலும் ரெசல்யூட்டே வென்றது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் காத்திருந்த முதியவர், கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போனதைத் தம் கண்ணாலேயே கண்டார். ஆயினும் வென்றவரைப் புன்னகையுடன் வாழ்த்தினார்.

இறுதி முயற்சியும் பொற்கிண்ணமும்

1930ஆம் ஆண்டு, தம் எண்பத்திரண்டாம் வயதில், ஐந்தாம் ஷாம்ராக்குடன் அமெரிக்காவின் நியூபோர்ட் நகருக்குச் சென்றார். ஹாரல்டு வாண்டர்பில்ட் செலுத்திய என்டர்பிரைஸ் கலம் எடை குறைந்த உலோகப் பாய்மரமும் புதிய பொறிகளும் உடையதாக இருந்தது. நான்கு போட்டிகளிலும் அதுவே வென்றது.

அப்போது நிகழ்ந்ததே இவ்வரலாற்றின் சிகரம். வென்ற நாட்டு மக்களின் நெஞ்சம் தோற்றவர்பால் சென்றது. வில் ரோஜர்ஸ் என்னும் நகைச்சுவைக் கலைஞர் நாளிதழில் வேண்டுகோள் விடுக்க, அமெரிக்கப் பொதுமக்கள் சிறு சிறு தொகையாகப் பணம் அனுப்பினர். அத்தொகையில் பொற்கிண்ணம் ஒன்று செய்து, அவ்வாண்டின் இறுதியில் நியூயார்க்கில் அவருக்கு அளித்தனர். விதிப்படி வெல்ல முடியாத வெள்ளிக் கிண்ணத்திற்கு ஈடாக, மக்கள் மனமுவந்து தந்த பொற்கிண்ணம் அவர் கைக்கு வந்தது. அவருடைய தேயிலை அமெரிக்காவில் மேலும் புகழ் பெற்றதும் உண்மையே. வணிகர் என்ற முறையில் அவ்வாதாயத்தை அவர் அறியாதவர் அல்லர். எனினும் ஆதாயத்திற்காக மட்டும் முகத்தில் ஒட்டவைத்த புன்னகை முப்பத்தோர் ஆண்டு நிலைத்து நிற்குமோ?

1931ஆம் ஆண்டு, முன்பு அவரை ஏற்காத அரச படகுக் கழகமும் அவரை உறுப்பினராக்கியது. அவ்வாண்டு அக்டோபர்த் திங்கள் 2ஆம் நாள் லிப்டன் இலண்டனில் காலமானார். திருமணம் செய்துகொள்ளாத அவர், தம் செல்வத்தின் பெரும்பகுதியைக் கிளாஸ்கோ நகரின் ஏழை மக்களுக்காக எழுதி வைத்தார். தம் பெற்றோரின் அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அமெரிக்கக் கிண்ணம் 1983ஆம் ஆண்டு வரை அமெரிக்கரிடமே இருந்தது. அவ்வாண்டுதான் ஆஸ்திரேலியர் அதனை வென்றனர்.

நாம் கொள்ளத்தக்கவை

இவ்வரலாறு நமக்குத் தொலைவானது அன்று. லங்காட் ஆறும் மலாக்கா நீரிணையும் சூழ்ந்த தீவில் வாழ்கிறோம். பாலம் வருமுன் நம் முன்னோர் படகிலேறியே இத்தீவிற்கு வந்தனர். இத்தீவின் பழங்குடியினராகிய மா மெரி மக்கள் நீரோடு வாழ்ந்து பழகியவர்கள். 1990ஆம் ஆண்டு தொடங்கிய சிலாங்கூர் ராஜா மூடா பாய்மரப் படகுப் போட்டி, நமக்கு அண்மையிலுள்ள கிள்ளான் துறைமுகத்திலிருந்தே நவம்பர்த் திங்களில் புறப்பட்டு, பங்கோர், பினாங்கு வழியாக லங்காவி வரை செல்வது. அதில் பங்கு கொள்வோருள் பலர் வேறு தொழில் செய்துகொண்டு, ஓய்வு நாளில் பாய் விரித்துப் பழகுபவர்கள்.

மாணவர்களே! தோல்வி வருமுன் முழு முயற்சி செய்யுங்கள். தோல்வி வந்தபின் விதியையும் நடுவரையும் தோழனையும் பழிக்காதீர்கள். எங்கே பிழைத்தோம் என்று எண்ணிப் பார்த்து அடுத்த கலத்தைக் கட்டுங்கள். எதிர்க்காற்று வீசும்போது நேர்வழி அடைபட்டாலும், கோணலாகச் சென்றேனும் கரை சேர வழியுண்டு.

பெற்றோர்களே! மதிப்பெண் குறைந்து வீடு திரும்பும் பிள்ளையை அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு வையாதீர்கள். தோற்றவனுக்கு முதற்பொற்கிண்ணம் வழங்க வேண்டியவர்கள் அவனைப் பெற்றவர்களே. ஓர் அன்புச் சொல்லும் ஒரு குவளைத் தேநீரும் அதற்குப் போதும்.

தொழிலாளப் பெருமக்களே! பாய்க்கயிற்றை இழுத்த மீனவரும், கொழுந்து பறித்த மலையகத் தாயும், சுரங்கத்திலிருந்து வந்து கிண்ணம் வென்ற தொழிலாளியும் உங்கள் இனத்தவரே. உங்கள் பெயர் எக்கிண்ணத்திலும் பொறிக்கப்படாமல் இருக்கலாம். உங்கள் உழைப்பால் வளர்ந்து, கற்று, நாளை இத்தீவைத் தாண்டிச் செல்லும் உங்கள் பிள்ளைகளின் வாழ்வில் அது பொறிக்கப்படும்.

முயற்சி திருவினையாக்கட்டும். நம் பள்ளிச் செல்வங்கள் நீடு வாழ்க!